ரோட்டு மேல் வீடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, கோவை கணபதியில் வாடகைக்கு இருக்கிறோம். சத்தி ரோட்டு மேலேயே நாலரை சென்ட் இடம், 1987-ல் கட்டிய தார்சு வீடு விலைக்கு வந்திருக்கிறது. முகப்பு 22 அடி. 1 கோடியே 35 லட்சம் சொல்கிறார்கள். அங்கிருந்து மூன்று தெரு உள்ளே தள்ளி ஐந்து சென்ட், ஏறக்குறைய அதே வயது வீடு, 82 லட்சம். ரோட்டு மேல் இருப்பதை வாங்கினால் முன்பக்கத்தைக் கடையாக்கி மாதம் 28,000 வாடகைக்கு விடலாம் என்கிறார் புரோக்கர். "மெயின் ரோட்டு இடம்தான் ஏறும், உள்ளே வாங்கினால் அப்படியே கிடக்கும்" என்கிறார் மாமனார். நான் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், மனைவி ஆசிரியை. பையன் ஒன்பதாவது, பெண் ஐந்தாவது. எதை வாங்கலாம்?
பெயர் வேண்டாம், கணபதி

பதில்: உங்கள் மாமனார் சொல்வது பாதி சரி. மீதிப் பாதிக்கு நானே சாட்சி.

1991-ல் சிங்காநல்லூர் பக்கம் பஸ் போகிற ரோட்டின் மேல்தான் வீடு கட்டினேன். ஊருக்கெல்லாம் வீடு கட்டிக்கொடுக்கிற இன்ஜினியர், தனக்குக் கட்டும்போது மட்டும் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. அப்போது ரோட்டிலிருந்து வாசலுக்கு மூன்று படி ஏற வேண்டும். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுக்கொண்டு போனார்கள். 2008-ல் எனக்கு மிச்சம் இருந்தது அரைப் படி. அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஹாலுக்குள் செருப்பு மிதந்தது. 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புதுத் தளம் போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். நல்ல உத்தரவுதான். ஆனால் நீங்கள் பார்த்திருக்கும் வீடு 1987-ல் கட்டியது. அந்த உத்தரவுக்கு முன்பு ஏறிய ரோடு ஏறியதுதான். வாசலில் நின்று பாருங்கள்: வீட்டுத் தரை உயரமா, ரோடு உயரமா? ரோடு உயரம் என்றால் அந்த வீட்டுக்கு விலையே கிடையாது, இடித்துக் கட்டத்தான் வேண்டும். பேரத்தை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

அடுத்தது, அளவு நாடா. நாலரை சென்ட் என்றால் 1,960 சதுர அடி. 22 அடி முகப்புக்கு 89 அடி ஆழம் இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் எப்போதோ ரோட்டுக்குப் போன இடத்தைப் பத்திரத்தில் கழிக்காமலே கைமாற்றி வருவது நம் ஊரில் சர்வ சாதாரணம். ஐந்தடி குறைந்தால் 110 சதுர அடி, அதாவது கால் சென்ட். நீங்கள் சொல்லும் விலையில் இடத்துக்கு மட்டும் சென்ட் 28 லட்சம் என்று வைத்தாலும், அந்தக் கால் சென்ட் 7 லட்சம். சர்வேயரை வைத்து, புலப்படத்தோடு (அரசு நில அளவை வரைபடம்) ஒத்துப் பார்த்து, முன் எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். "கல்லெல்லாம் ரோட்டுக்குள்ளே போயிருச்சுங்க" என்று விற்பவர் சிரித்தால், நீங்கள் சிரிக்க வேண்டாம்.

இப்போது வாடகைக் கணக்கு. இரண்டு வீட்டுக்கும் விலை வித்தியாசம் 53 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அதிலேயே இன்னும் நாலே முக்கால் லட்சம் கூடும். கூடுதல் பணத்தில் 50 லட்சத்தை 8.5 சதவீத வட்டிக்கு, 20 வருஷக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 43,400 வரும். புரோக்கர் சொல்லும் 28,000 முழுதாக, ஒரு மாதம்கூடக் காலி இல்லாமல் வந்தாலும் 15,000 கையிலிருந்து போகும். கடைக்கு மின் இணைப்பும் சொத்து வரியும் வணிகக் கணக்கில் வரும். கீழே கடை, மேலே குடித்தனம் என்றால் வங்கி இதை வீட்டுக்கடனாக எடுத்துக்கொள்ளுமா என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கொடுத்த பிறகு கேட்டவர்கள் எனக்கு எழுதும் கடிதங்கள் தனிக் கட்டாக இருக்கின்றன.

அந்த 28,000 வருமா என்பதிலேயே எனக்குச் சந்தேகம். 22 அடி முகப்பில் இரண்டு காரைப் பக்கத்தில் பக்கம் நிறுத்தினால் பதினாறரை அடி போய்விடும். மிச்சத்தில் ஒரு ஆள் நடக்கலாம். வங்கிக் கிளை, ஷோரூம் மாதிரி நல்ல வாடகை தருகிறவர்கள் முதலில் பார்ப்பது வண்டி நிறுத்த இடம். உங்களுக்கு வருவது செல்போன் ரிப்பேர், ஜெராக்ஸ், டீக்கடை. தப்பில்லை. ஆனால் டீக்கடைக்கு மேல் வீட்டில், அடுத்து பத்தாம் வகுப்புக்குப் போகிற பையன் படிக்க வேண்டும்.

மாமனார் சொல்லும் விலை ஏற்றத்துக்கு வருகிறேன். மெயின் ரோட்டு இடம் ஏறும்தான். ஏறுவது மண். நான் 2010-ல் விற்றபோது வாங்கியவர் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. வெளியில் நின்று முகப்பை மட்டும் அளந்தார். நான் பார்த்துப் பார்த்துப் போட்ட தேக்குக் கதவை, "வேணும்னா கழட்டிட்டுப் போங்க சார்" என்றார். கழட்டிக்கொண்டுதான் வந்தேன். இப்போதைய வீட்டு வாசலில் அதுதான் இருக்கிறது.

அந்த மண் விலையும் ரோட்டின் தலையெழுத்தைப் பொறுத்தது. அவினாசி ரோட்டைப் பாருங்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம், 2025 அக்டோபரில் திறந்தார்கள். ஊருக்கு நல்லது, நானும் அதில்தான் போகிறேன். ஆனால் வேலை நடந்த அந்த ஐந்து வருஷம் ஹோப் காலேஜ் பக்கம் பேக்கரி வைத்திருந்த என் நண்பர் பட்ட பாடு எனக்குத் தெரியும். கடை முன்னால் தகரத் தடுப்பு, அதைத் தாண்டி குழி, அதைத் தாண்டி தூசி. பப்ஸ் தட்டைக் கண்ணாடி போட்டு மூடியும் மண் படிந்தது. இரண்டாம் வருஷமே பாதி வாடகைதான் தர முடியும் என்று கட்டட உரிமையாளரிடம் சொல்லிவிட்டார். இப்போது பாலம் வந்தாயிற்று. முன்பு கடை வாசலில் நின்று டீ குடித்த கார்களில் பாதி தலைக்கு மேலே போகின்றன.

உங்கள் சத்தி ரோடு சத்தியமங்கலம், திம்பம் வழியாகக் கர்நாடகத்துக்குப் போகிற தேசிய நெடுஞ்சாலை. அந்த ரோட்டை இன்னும் அகலப்படுத்த வேண்டும் என்ற பேச்சு நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே இருக்கிறது. மெட்ரோவுக்குப் போட்ட திட்ட அறிக்கையில் இருந்த இரண்டு தடங்களில் ஒன்று உங்கள் வாசல் வழியாக வலியம்பாளையம் பிரிவு வரை போகிறது. 2025 நவம்பரில் மத்திய அரசு அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. திருப்பி அனுப்பியது மறுபடி வராது என்று யாரும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள். ஆகவே உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் அந்த இடத்தில் ரோட்டுக்கு எவ்வளவு அகலம் குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட அனுமதி கேட்கும்போது, முன்பக்கம் ரோட்டுக்கு விட வேண்டியது எவ்வளவு என்பது அதிலிருந்துதான் தெரியும்.

நிலம் எடுத்தால் இழப்பீடு கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி சந்தை மதிப்பும், அதே அளவு ஆறுதல் தொகையும் உண்டு. ஆனால் சந்தை மதிப்பு என்று அவர்கள் பார்ப்பது பத்திரப் பதிவுக்கு அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்துக் கிரையப் பத்திரங்களையும். முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்கக் கிரையத் தொகையைக் குறைத்து எழுதிய தெரு முழுவதும் அன்றைக்கு உட்கார்ந்து அழும். நீங்கள் எதை வாங்கினாலும் முழுத் தொகையையும் எழுதுங்கள்.

சத்தம் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. வாடகை வீடு உள் தெருவில் இருக்கிறது போலிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. பத்து டெசிபல்தானே என்று நினைக்காதீர்கள், காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. புரோக்கர் உங்களை எப்போது கூட்டிப்போனார்? ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இருக்கும். பள்ளிக்கூட நாளில் காலை எட்டே முக்காலுக்கு ஒரு தடவை போங்கள். அப்புறம் ராத்திரி பதினொரு மணிக்குப் போய் எதிரில் அரை மணி நேரம் நில்லுங்கள். பகலில் ஊருக்குள் விடாத லாரிகள் எல்லாம் அப்போதுதான் வரும். பக்கத்தில் வேகத்தடை இருந்தால் காலி லாரி ஏறி இறங்குகிற சத்தத்தைக் கேளுங்கள், தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் பத்தொன்பது வருஷமும் டிவி சத்தத்தை ஒருபோதும் குறைத்ததில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், "ஏன் கத்திப் பேசுறீங்க?" என்று கேட்பார்கள்.

இன்னொன்று, காம்பவுண்டுச் சுவர். பஸ் ஸ்டாப் பக்கம் என்றால் அது பொதுக் கழிப்பிடம். எல்லா மதத்துச் சாமி டைல்ஸும் வரிசையாக ஒட்டிப் பார்த்தேன். சாமி இல்லாத இடைவெளியைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. என் மனைவிக்கு இன்றைக்கும் அந்த வீட்டின் மேல்தான் பிரியம். வாசலில் பஸ், எதிரில் மருந்துக்கடை, ராத்திரி ஒன்பது மணிக்கு மகள் டியூஷன் முடிந்து வரும்போது ரோடு முழுக்க வெளிச்சம், ஆள் நடமாட்டம். மனைவிக்கு மாரடைப்பு வந்த அன்று ஆம்புலன்ஸ் டிரைவருக்கு வழி சொல்லவே தேவைப்படவில்லை. இதற்கு நான் விலை போட மாட்டேன். ஆனால் நீங்கள் பார்த்திருக்கும் இன்னொரு வீடு மூன்று தெருதான் தள்ளி இருக்கிறது. ஆம்புலன்ஸ் அங்கேயும் வரும், பஸ்ஸுக்கு நான்கு நிமிஷ நடை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 82 லட்சம் வீட்டைத்தான் வாங்குவேன். நீங்களோ மனைவியோ சொந்தமாகக் கடை வைக்கப்போகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. அப்போது வாடகை கொடுப்பது மிச்சம், இரைச்சலையும் தொழிலோடு சேர்த்துக்கொள்ளலாம். இல்லை, ரோட்டு மேல் இருப்பவர் 1 கோடியே 10 லட்சத்துக்குக் கீழே இறங்கி வந்தால், எல்லைக் கல் விவரத்தோடு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.

கேள்வி: சரவணம்பட்டியில் மெயின் ரோட்டைப் பார்த்த அடுக்குமாடி. ஏழாவது மாடிக்குச் சத்தம் வராது என்று பில்டர் சொல்கிறார். நம்பலாமா?
ஒரு வாசகி, சரவணம்பட்டி

பதில்: நம்பாதீர்கள். தரைத்தளத்துக்கு மதில், எதிர்க் கட்டடம் என்று ஏதாவது மறைப்பு இருக்கும். ஏழாவது மாடிக்கு ரோடு நேராகத் தெரியும், தெரிகிற அளவுக்குக் கேட்கும். தூசி குறையும், அது உண்மை. அதே கட்டடத்தில் பின்பக்கம் பார்த்த வீடு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள். முன்பக்கம்தான் என்றால் படுக்கையறை எந்தப் பக்கம் என்று பாருங்கள், ஹாலும் பால்கனியும் ரோட்டைப் பார்க்கட்டும். ஜன்னல் தள்ளுகிற மாதிரி வேண்டாம், இடுக்கு வழியாகச் சத்தம் வந்துவிடும். ரப்பர் பட்டையோடு இறுக்கி மூடுகிற, கதவு போல் திறக்கும் ஜன்னலாக, லேமினேட்டட் கண்ணாடி போட்டு வாங்குங்கள். ஆனால் மூடியே வைத்திருந்தால்தான் அதனால் பலன். ஏ.சி. கரண்ட் பில்லையும் வீட்டு விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தெருக்குத்து வீடு (எதிர்த் தெரு நேராக வாசலில் வந்து முட்டுகிறது) என்பதால் 4 லட்சம் குறைத்துத் தருகிறார்கள். எனக்கும் கணவருக்கும் வாஸ்துவில் நம்பிக்கை இல்லை. வாங்கலாமா?
ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: எனக்கும் வாஸ்து தெரியாது, தண்ணீர் தெரியும். நல்ல மழையில் போய் அந்தத் தெருவின் சரிவைப் பாருங்கள். தெரு உங்கள் வாசலை நோக்கி இறங்கினால் மொத்தத் தெருவின் தண்ணீரும் உங்கள் வீட்டுக்குத்தான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாசலிலிருந்து தெருப் பக்கமாக இறங்கினால் வாங்கலாம். ராத்திரி வண்டி வெளிச்சம் ஹாலுக்குள் அடிக்கும், அதற்குத் திரை போதும். பிரேக் பிடிக்காத வண்டிக்குத் திரை போதாது. அந்தக் காலத்தில் தெருக்குத்துச் சுவரில் பிள்ளையாரை உட்காரவைத்தார்கள், முதல் அடியை அவர் வாங்கிக்கொள்ளட்டும் என்று. நீங்கள் உங்கள் எல்லைக்குள் மூன்றடி உயரத்துக்குக் கம்பி கட்டி ஒரு கான்கிரீட் திண்டு போடுங்கள். நீங்கள் நம்பாவிட்டாலும் நாளைக்கு உங்களிடம் வாங்க வருகிறவர் நம்புவார். 4 லட்சம் போதாது, இன்னும் இரண்டு லட்சமாவது குறைக்கச் சொல்லுங்கள்.