இரும்பு சுபாவில் செந்துரு: வினிகரில் ஊறவைக்கலாமா?

சுபா என்பது ஜப்பானிய வாளில் கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையே இருக்கும் காப்புத் தகடு. உங்களிடமுள்ள பழைய இரும்பு சுபாவில் செந்துரு வந்திருக்கிறது, வினிகரில் ஊறவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வினிகர், எலுமிச்சை, உப்புத்தாள், கம்பி பிரஷ் எதையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சுபாவின் கருமை அழுக்கு இல்லை. செய்தவரே வேண்டுமென்று வரவழைத்த நிறம் அது. பல தலைமுறைக் கைகள் பட்டு மெருகேறியிருக்கிறது. அமிலம் துருவோடு சேர்த்து அதையும் தின்றுவிடும். போனால் பழையபடி வராது.

விளிம்பில் மட்டும் செம்புள்ளிகள் என்கிறீர்கள். எடுத்துப் பார்க்கும்போது விரல் படும் இடம் அது. பெரும்பாலும் வியர்வை உப்புதான் காரணம்.

1. முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது இரும்பே அல்ல. ஷகுதோவாக (செம்பில் கொஞ்சம் தங்கம் கலந்த கருநிற உலோகம்) இருக்கலாம். அதைத் தேய்க்கவே கூடாது.

2. ஒட்டினால், உலர்ந்த வெள்ளைப் பருத்தித் துணியால் புள்ளியைத் துடையுங்கள். துணியில் செம்பொடி ஒட்டினால் துரு இன்னும் வளர்கிறது. ஒட்டாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள்.

3. வளரும் துருவை மட்டும், கூராக்கிய மாட்டெலும்புத் துண்டால் மெல்லச் சுரண்டுங்கள். எலும்பு இரும்பைவிட மென்மை, அதனால் உலோகம் கீறாது. தினம் பத்து நிமிடம் போதும்; வாரக்கணக்கில் ஆகும், அவசரப்பட வேண்டாம். பிறகு துணியால் துடையுங்கள்.

தங்க வேலைப்பாடு இருக்கும் இடத்தை மட்டும் தொடாதீர்கள். நுனோமே முறையில், நுண்ணிய கீறல்கள் மீது மெல்லிய தகட்டை அழுத்தி ஒட்டியிருப்பார்கள். அடியில் துரு இருந்தால் உரிந்து வந்துவிடும்.

நடுத்துளையின் இரு முனைகளிலும் உள்ள செம்புத் துண்டுகள் பழுது அல்ல. வாளின் அடித்தண்டு ஆடாமல் பொருந்த வைத்தவை, பெயர் செகிகனே. அவற்றைப் பிடுங்கிவிடாதீர்கள்.