கேஸில் ஜெயித்தும் பணம் வரவில்லை, இனி என்ன செய்வது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். கேட்டரிங் தொழில் செய்கிறவர். ஒரு கல்யாண வரவேற்புக்கு பிரியாணி, டால், பீன்ஸ் கறி எல்லாம் சமைத்துக் கொடுத்தார். அட்வான்ஸ் கொடுத்த மாப்பிள்ளையின் அப்பா மீதி 38,000 ரேண்டைக் கொடுக்கவே இல்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அந்த மனிதர் வரவில்லை, தீர்ப்பு அக்காவுக்குச் சாதகமாக வந்தது. அது ஏழு மாதத்துக்கு முந்திய கதை. நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரிஃப் ஒருமுறை போனார், அந்த மனிதரின் மனைவி "சோபா, டிவி எல்லாம் என்னுடையது, பக்கி (சின்ன டிரக்) பேங்குடையது" என்று சொல்ல, ஷெரிஃப் எதையும் எடுக்காமல் திரும்பிவிட்டார். இப்போது அக்கா கேட்பது மூன்று: அவரை ஜெயிலில் போட முடியாதா? வீட்டை ஏலம் விட முடியாதா? தங்கச்சி பையன்களை அனுப்பிச் சாமான்களைத் தூக்கிவரலாமா?

அக்கா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. விடிய விடிய நின்று சமைத்த உழைப்பின் காசு அது, வாங்கியே ஆகவேண்டும். ஆனால் தீர்ப்பு கொடுத்ததும் நீதிமன்றமே போய்ப் பணத்தை வாங்கித் தரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம், அப்படி இல்லை. பணம் இருக்கும் இடத்தை நீங்கள்தான் காட்டவேண்டும், காட்டினால்தான் சட்டம் அங்கே கை வைக்கும்.

ஜெயில் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். முடியாது. கடன் கட்டாதவரைச் சிறையில் அடைக்கும் முறையை 1995ல் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. யாராவது "எனக்கு ஆள் தெரியும், உள்ளே தள்ளிவிடலாம்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பையன்களை அனுப்பும் யோசனையும் வேண்டாம், கண்டிப்பாக வேண்டாம். தீர்ப்பு உங்கள் கையில் இருந்தாலும் சாமானை எடுக்கும் அதிகாரம் ஷெரிஃபுக்கு மட்டும்தான். பையன்கள் எடுத்தால் அது திருட்டு, மிரட்டி எடுத்தால் கொள்ளை. கடன்காரர் புகார் கொடுப்பவராகவும் உங்கள் பையன்கள் குற்றவாளிகளாகவும் ஆகிவிடுவார்கள்.

இனி ஷெரிஃப் கதை. அவர் திருப்பி அனுப்பிய அறிக்கையை எடுத்து நன்றாகப் படியுங்கள். எடுக்கத் தக்க சொத்து எதுவும் இல்லை என்று எழுதியிருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் உதவும். அவருடைய மனைவி "என்னுடையது" என்று வாயால் சொல்வது மட்டும் போதாது. அப்படிச் சொந்தம் கொண்டாடுகிறவர் பிரமாணப் பத்திரத்தோடு எழுத்தில் கொடுக்கவேண்டும், நீங்கள் அதை ஏற்காவிட்டால் நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்யும். இங்கே அவர்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்பது முக்கியம். திருமணத்துக்கு முன் ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் பதிவுத் திருமணம் செய்திருந்தால் சொத்து இருவருக்கும் பொது, அப்போது "என்னுடையது" என்ற வாதம் நிற்காது. கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று, பழைய சோபா ஏலத்தில் என்ன விலைக்குப் போகும்? சட்டம் கட்டில், படுக்கை, துணிமணி போன்ற அத்தியாவசியங்களைத் தொடவும் விடாது. பக்கி தவணையில் இருந்தால் முழுக் கடனும் தீரும்வரை அது பேங்குடையதுதான், அந்த அம்மா அதில் சொன்னது சரி. அதனால் சாமான்களை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. அவர் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார், பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்கை வாடகைக்கு விட்டிருக்கிறார். பணம் அங்கே இருக்கிறது.

சம்பளத்துக்கு வழி மாஜிஸ்திரேட் நீதிமன்றச் சட்டத்தின் 65ஆம் பிரிவு. தீர்ப்பு வந்து பத்து நாள் ஆகியும் பணம் வராவிட்டால், 65ஏ நோட்டீஸ் அனுப்பி அவரை நீதிமன்றத்துக்கு வரவழைக்கலாம். அங்கே அவர் வருமானம் என்ன, செலவு என்ன, யார் யாருக்குக் கடன் என்று சத்தியம் செய்து சொல்லவேண்டும். சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள், வாடகையைப் பற்றியும் நேராகக் கேளுங்கள், அவராகச் சொல்லமாட்டார். நோட்டீஸ் கிடைத்தும் வராவிட்டால் அவரைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்த வாரண்ட் கேட்கலாம். கைது என்ற பேச்சு வருவது இந்த இடத்தில் மட்டும்தான், அதுவும் கடனுக்காக இல்லை, நீதிமன்றம் கூப்பிட்டும் வராததற்காக.

விசாரித்த பிறகு மாஜிஸ்திரேட் மாதத் தவணை நிர்ணயிக்கலாம், அதைச் சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொடுக்கும்படி கம்பெனிக்கு உத்தரவும் போடலாம். முன்பெல்லாம் இந்த உத்தரவுகள் கிளார்க் மேசையிலேயே முடிந்துவிடும், ஒரே தொழிலாளியின் சம்பளத்தில் நாலைந்து பேர் பிடித்துக்கொண்டு அவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போன நிலை இருந்தது. 2016ல் அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தடுத்தது, 2018 ஆகஸ்ட்டிலிருந்து எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற சட்டம் அமலுக்கு வந்தது. நியாயமான சட்டம் அது, உங்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும் என்பதும் உண்மை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அடிப்படைச் சம்பளம் 12,000 ரேண்ட் என்றால் பிடிக்கக் கூடிய உச்சம் 3,000. ஏற்கனவே ஃபர்னிச்சர் கடைக்கு 1,800 போகிறது என்றால் உங்களுக்கு மிஞ்சுவது அதிகபட்சம் 1,200. அப்படியானால் 38,000 தீர வட்டி இல்லாமலே 32 மாதம் ஆகும். கம்பெனி தன் வேலைக்காக 5 சதவீதம் வரை உங்கள் பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் உத்தரவு வந்தும் கம்பெனி பிடிக்காமல் விட்டால் கம்பெனி மேலேயே நடவடிக்கை எடுக்கலாம். அவர் வேலை மாறினாலும் உத்தரவு செத்துப்போவதில்லை, புது முதலாளிக்கு அனுப்பித் தொடரலாம்.

வாடகைக்கு 72ஆம் பிரிவு. கடன்காரருக்கு வேறொருவர் கொடுக்க வேண்டிய பணத்தை, இனிமேல் வரப்போவதையும் சேர்த்து, உங்களிடம் கட்டச் சொல்லி உத்தரவு வாங்கலாம். குடியிருப்பவர்கள் வாடகையை அவர் கையில் கொடுக்காமல் உங்களுக்குக் கட்டுவார்கள். பேங்கில் கிடக்கும் பணத்துக்கும் இதே வழிதான். சம்பளத்துக்கு இருக்கும் 25 சதவீதக் கட்டுப்பாடு வாடகைக்கு இல்லை, ஆகவே உங்கள் வக்கீலிடம் இதை முதலில் கேளுங்கள் என்பேன். பென்ஷன் ஃபண்டில் இருக்கும் பணம், அரசு கொடுக்கும் உதவித்தொகை இரண்டையும் தொட முடியாது.

வீடு? பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்தில் தேடினால் யார் பேரில் இருக்கிறது, பாண்ட் (வீட்டு அடமானக் கடன்) எவ்வளவு என்று தெரியும். ஆனால் குடியிருக்கும் வீட்டை ஏலம் விட நீதிமன்றமே எல்லாவற்றையும் பார்த்து அனுமதிக்கவேண்டும். சின்னக் கடனுக்காக ஏழைகள் வீடு இழந்ததைப் பார்த்து 2004ல் அரசியல் சாசன நீதிமன்றம் கொண்டுவந்த பாதுகாப்பு இது. 38,000 ரேண்டுக்கு, சம்பளமும் வாடகையும் வேறு இருக்கும்போது, எந்த மாஜிஸ்திரேட்டும் எளிதில் சம்மதிக்கமாட்டார். பேங்க் பாண்ட் வேறு முன்னால் நிற்கும். அந்தச் செலவில் இறங்காதீர்கள்.

நாள் கடந்துவிட்டதே என்று பயப்படாதீர்கள். தீர்ப்புக் கடன் 30 வருடம் உயிரோடு இருக்கும். ஆனால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத் தீர்ப்புக்கு, தீர்ப்பு நாளிலிருந்தோ கடைசியாகப் பணம் கட்டிய நாளிலிருந்தோ மூன்று வருடம் தாண்டினால், சொத்தைப் பறிமுதல் செய்ய மறுபடி நீதிமன்ற அனுமதி வாங்கவேண்டும், அதற்குள் செய்துவிடுங்கள். வட்டியும் ஏறிக்கொண்டே இருக்கும், சட்டப்படியான வட்டி, ரிசர்வ் பேங்க் மற்ற பேங்குகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதத்தோடு 3.5 சதவீதம் சேர்ந்தது. ஷெரிஃபுக்கு முதலில் நீங்கள் கட்டும் கட்டணமும் கடன்காரர் கணக்கில்தான் சேரும், ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

நெருக்க ஆரம்பித்ததும் இரண்டில் ஒன்று நடக்கும். "எனக்கு சம்மனே வரவில்லை" என்று தீர்ப்பை ரத்து செய்யக் கேட்பார், தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து 20 வேலை நாளுக்குள் அவர் கேட்கவேண்டும், அதனால் சம்மன் சேர்த்ததற்கான ஷெரிஃப் அறிக்கையின் நகலை இப்போதே வாங்கி வையுங்கள். இல்லையென்றால் கோயிலில் பார்த்து "அக்கா, மாதம் ஆயிரம் தருகிறேன், கேஸை விட்டுவிடுங்கள்" என்பார். தவணையை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் எழுத்தில், தேதியோடு, ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே கட்டவேண்டும் என்ற வரியோடு. கடைசி ரேண்ட் வரும்வரை "பணம் முழுதும் வந்துவிட்டது" என்று எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் காகிதம் இருந்தால் கிரெடிட் பீரோவில் (யார் கடனை எப்படிக் கட்டுகிறார் என்று பதிந்துவைக்கும் நிறுவனம்) பதிந்திருக்கும் தீர்ப்பை அவர் நீக்கிக்கொள்வார், அதற்குப் பிறகு மீதியைக் கட்ட அவருக்கு என்ன அவசரம்?

இந்த வாரமே தீர்ப்பின் நகல், ஷெரிஃப் அறிக்கை, அவர் வேலை செய்யும் கம்பெனியின் முகவரி, வாடகைக்கு இருப்பவர்களின் பெயர் இவற்றை எடுத்துக்கொண்டு அவர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் வட்டாரத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிவில் கிளார்க்கிடம் போங்கள், 65ஏ நோட்டீஸுக்கு என்ன படிவம் வேண்டும் என்று அவர் சொல்வார். வக்கீல் செலவு தாங்காது என்றால் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையத்தில் விசாரித்துப் பாருங்கள்.