பந்து அங்கே, பிடி இங்கே: கூடைப்பந்து கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குப் பதிலாக, தடுக்க ஆளில்லாமல் கோட்டில் நின்று போடும் எறிதல்; உள்ளே போனால் ஒரு புள்ளி) சரியாகப் போடத் தெரியாத ஆட்டக்காரர் மீது வேண்டுமென்றே ஃபவுல் செய்யும் தந்திரம், அதாவது 'ஹேக் எ ஷாக்'. ஷாக் என்பது ஷக்கீல் ஓநீல் என்ற ஆட்டக்காரரின் செல்லப்பெயர். வேறு கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: இப்போதுதான் என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். பந்து ஒரு பக்கம் இருக்கிறது. எதிர்ப்பக்கம் சும்மா நிற்கும் ஏழடி ஆளை ஒருவர் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறார். நடுவர் விசில் ஊதுகிறார், யாரும் கோபப்படவில்லை. என்ன கூத்து இது?

கூத்து இல்லை, பேரம். ஒரு கால்பகுதி ஆட்டம் 12 நிமிடம். அதற்குள் ஓர் அணி செய்யும் ஐந்தாவது ஃபவுலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். யார் மீது ஃபவுல் விழுந்ததோ அவரேதான் எறிய வேண்டும், பதிலுக்கு ஆள் அனுப்ப முடியாது. 15 அடி தூரம், குறுக்கே கை நீட்ட ஒருவரும் இல்லை, 10 வினாடி அவகாசம். கை பழகியவருக்கு அது சும்மா வரும் புள்ளி. பழகாதவருக்கு அரங்கமே அவரை உற்றுப் பார்க்கும் 10 வினாடி. எதிரணியின் ஐந்து பேரில் இந்த இரண்டாம் வகை ஆள் யார் என்று பார்த்து, அவரைத் தேடிப்போய்ப் பிடிக்கிறார்கள்.

கேள்வி: சும்மா இரண்டு எறிதலைத் தூக்கிக் கொடுப்பதில் என்ன லாபம் சார்? கணக்கு உதைக்கிறதே?

உதைக்கவில்லை. இன்றைய என்.பி.ஏ.யில் ஓர் அணி நூறு முறை பந்தைக் கொண்டுபோனால் சுமார் 115 புள்ளி எடுக்கிறது. பாதிக்குப் பாதி போடுபவரிடம் நூறு முறை இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தால் வருவது 100. தாளில் 15 மிச்சம். ஏறக்குறைய 57 சதவீதம் போடுபவரிடம் இந்த லாபம் கரைந்துவிடும்.

தாளில் ஏறாத செலவுகளும் உண்டு. இரண்டாவது எறிதல் தவறித் திரும்பும் பந்தை எதிரணியே பிடித்துவிடலாம். ஃபவுல் செய்பவர் ஆறாவதோடு வெளியே போக வேண்டும். எறிதல் நடக்கும் நேரத்தில் எதிரணி நிதானமாகத் தன் தடுப்பாட்டத்துக்கு இடம் பிடித்துக்கொள்கிறது. வேகமாக ஓடி ஆடும் அணி இதைச் செய்தால் அது தன் காலில் தானே கல்லைப் போட்டுக்கொள்கிறது.

கேள்வி: ஷாக் மீதுதான் இதை முதலில் செய்தார்களா?

பெயர்தான் அவருடையது. இதை முறையான திட்டமாக ஆடிப் பார்த்தவர் டல்லாஸ் பயிற்சியாளர் டான் நெல்சன். 1997 டிசம்பரில், சிகாகோ புல்ஸ் அணியின் டென்னிஸ் ராட்மன் மீது. அந்த வேலைக்கென்றே பப்பா வெல்ஸ் என்ற இளைஞரை இறக்கினார். மூன்று நிமிடத்துக்குள் ஆறு ஃபவுல் செய்து, மிகக் குறைந்த நேரத்தில் வெளியேற்றப்பட்டவர் என்ற என்.பி.ஏ. சாதனையோடு வெல்ஸ் பெஞ்சுக்குப் போய்விட்டார். ராட்மனோ அன்று 12 எறிதலில் ஒன்பதைப் போட்டுவிட்டார், சிகாகோ வென்றது. பிறந்த நாளிலேயே தோற்ற தந்திரம் இது. பாவம் வெல்ஸ், அவர் பெயரைச் சொன்னால் இன்றும் இந்த ஒரு கதைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது.

கேள்வி: ஷாக்கிடமாவது பலித்ததா?

ஷக்கீல் ஓநீலின் வாழ்நாள் சராசரி 52.7 சதவீதம். தவறவிட்ட ஃப்ரீ த்ரோக்கள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல். கணக்குப்படி பலித்திருக்க வேண்டும். 2000 இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லேக்கர்ஸுக்கு ஆடிய அவரை இந்தியானா 39 ஃப்ரீ த்ரோ எறிய வைத்தது. போட்டது 18தான். ஆனால் அன்று அவர் எடுத்தது 40 புள்ளி, 24 ரீபவுண்ட் (தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது). லேக்கர்ஸ் 111-104 என்று வென்றது.

2016 ஜனவரியில் ஹூஸ்டன் இன்னும் துணிந்தது. மூன்றாவது கால்பகுதி தொடங்கியதும் கே.ஜே. மக்டேனியல்ஸ் டெட்ராய்ட்டின் ஆண்ட்ரே டிரம்மண்டை ஒன்பது வினாடிக்குள் ஐந்து முறை பிடித்தார். விசில், பிடி, விசில், பிடி. டிரம்மண்ட் அன்று 36 எறிந்து 23 தவறவிட்டார், அது ஒரு சாதனை. வென்றது டெட்ராய்ட்.

பொதுவாகப் பின்தங்கிய அணிதான் இதைக் கையில் எடுக்கிறது. தந்திரம் தோற்றதா, ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்த அணி தோற்றதா என்று பிரிப்பது கடினம். என் கருத்து: புள்ளியை விட, அந்த ஆளைப் பெஞ்சில் உட்கார வைப்பதுதான் இதன் உண்மையான பலன். பயிற்சியாளர் பயந்து அவரை வெளியே எடுத்துவிட்டால், ஓர் எறிதல்கூட இல்லாமல் வேலை முடிந்தது.

கேள்வி: கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறவர், தனியாக நின்று பந்து போடக் கற்றுக்கொள்ளக் கூடாதா? எரிச்சலாக வருகிறது.

எனக்கும்தான். பெரிய கைக்குள் பந்து அடங்கிப்போவதால் விரல் நுனியில் உருட்டிவிட முடியவில்லை என்று ஒரு காரணம் சொல்வார்கள், கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் மருந்து இருந்தும் குடிக்காததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, தொடைகளுக்கு நடுவிலிருந்து மேலே தூக்கிப் போடும் முறை ஒன்று உண்டு. ரிக் பேரி அப்படித்தான் போட்டார், என்.பி.ஏ.யில் அவர் சராசரி 89 சதவீதத்துக்கு மேல். வாழ்நாள் முழுக்க 51 சதவீதத்தில் தத்தளித்த வில்ட் சேம்பர்லைன், 1961-62 பருவத்தில் இதே முறைக்கு மாறி 61 சதவீதம் தொட்டார். அந்தப் பருவத்தில்தான் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். அன்று 32 ஃப்ரீ த்ரோவில் 28 உள்ளே! பிறகு அந்த முறையை விட்டுவிட்டார். அப்படிப் போடக் கூச்சமாக இருந்தது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். நூறு புள்ளி எடுத்தவருக்கே பார்ப்பவர் சிரிப்பார்களோ என்ற கவலை. ஷாக்கும் இந்த முறையைத் தொடவே மாட்டேன் என்றார்.

கேள்வி: பார்க்கவே சலிப்பாக இருக்கிறதே, தடை செய்தால் என்ன?

பாதி செய்துவிட்டார்கள். சேம்பர்லைன் காலத்தில் ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள் கண்ணாமூச்சி விளையாட்டாகவே மாறின. எதிரணியினர் துரத்த, அவர் ஓடுவார். அதனால் கடைசி இரண்டு நிமிடத்தில் பந்துக்குத் தொலைவில் ஃபவுல் செய்தால் ஒரு ஃப்ரீ த்ரோவும் கொடுத்து, பந்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. 2016-17 முதல் அது ஒவ்வொரு கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்துக்கும் நீண்டது. மீதி நேரத்தில் இன்றும் செய்யலாம். 2025 பிளேஆஃபில் (பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகள்) நியூயார்க்கின் மிட்செல் ராபின்சனைப் பாஸ்டன் பிடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். முழுத் தடை எனக்குப் பிடிக்கவில்லை. 15 அடியிலிருந்து போடத் தெரியாததற்கு விதி ஏன் குடை பிடிக்க வேண்டும்?

கேள்வி: ஒலிம்பிக்கில் இதைப் பார்த்த ஞாபகமே இல்லையே?

ஒலிம்பிக்கில் பின்பற்றப்படும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனம்) விதியில் பந்தைக் குறிவைக்காத அப்பட்டமான பிடி விளையாட்டுணர்வற்ற ஃபவுல். இரண்டு ஃப்ரீ த்ரோவும் போய், பந்தும் போகும். அங்கே இந்த வியாபாரம் கட்டுப்படியாகாது.

கேள்வி: இதில் ரசிக்கும்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

ஒன்று. 2008 பிளேஆஃபில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் இந்தத் தந்திரத்தை, அப்போது ஃபீனிக்ஸுக்கு ஆடிய ஷாக் மீது தாராளமாகப் பயன்படுத்தி ஃபீனிக்ஸை வெளியேற்றியது. ஷாக்குக்கு மனத்தாங்கல். அக்டோபரில் புதிய பருவத்தின் முதல் ஆட்டமே இதே இரண்டு அணிகளுக்கு. தொடங்கி ஐந்து வினாடி. ஸ்பர்ஸின் மைக்கேல் ஃபின்லி ஓடிப்போய் ஷாக்கைக் கட்டிப்பிடித்தார். அது அணியின் முதல் ஃபவுல், ஃப்ரீ த்ரோ கிடையாது, ஒரு பயனும் இல்லை. ஷாக் திகைத்து எதிரணிப் பெஞ்சைப் பார்த்தார். அங்கே பயிற்சியாளர் கிரெக் பாப்பவிச் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஷாக்குக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.