பழைய எஸ்எம்பிஎஸ் பெட்டி மின்சாரக் காரில் ஓடுமா? கேள்வி பதில்

பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டார் போட்ட என் பழைய சின்னக் காரில் 12 லெட் ஆசிட் பேட்டரிகள் வரிசையாக, மொத்தம் 144 வோல்ட். ஹெட்லைட், ஹாரன், வைப்பர் எல்லாவற்றுக்கும் 12 வோல்ட் வேண்டும். கடையில் கிடைக்கும் கன்வெர்ட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் பவர் சப்ளையைத்தான், அதாவது எஸ்எம்பிஎஸ் பெட்டியைத்தான், போட்டிருக்கிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

அண்ணா, ஏசிக்குச் செய்த பெட்டியில் டிசி கொடுத்தால் புகையாதா? (பாலிடெக்னிக் மாணவர்)

புகையாது தம்பி. பழைய எலிமினேட்டர் மாதிரி இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வாசலிலேயே இருந்தால்தான் டிசி கொடுத்ததும் வெந்துபோகும். எஸ்எம்பிஎஸ் அப்படி இல்லை. உள்ளே வரும் 230 வோல்ட் ஏசியை அது முதல் வேலையாக பிரிட்ஜ் டயோடில் விட்டு, சுமார் 325 வோல்ட் டிசியாக மாற்றிக்கொள்கிறது. அதன் பிறகு நடப்பதெல்லாம் அந்த டிசியை வைத்துத்தான். நாம் நேராக டிசியே கொடுத்தால் பிரிட்ஜுக்கு வேலை குறைவு, அவ்வளவுதான். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் பிரிட்ஜ் சரிசெய்துகொள்ளும். ஒன்று மட்டும்: ஏசியில் நான்கு டயோடுகளும் மாறி மாறி உழைக்கும், டிசியில் எப்போதும் அதே இரண்டுதான். அதனால் பிரிட்ஜுக்கு ஹீட் சிங்க் இல்லாத பெட்டியை முழு லோடில் ஓட்டாதே.

என் ஸ்கூட்டர் 60 வோல்ட். இதையே போடலாமா சார்?

முடியாது. 48, 60, 72 எதுவுமே போதாது, பெட்டி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. மின்சார ஸ்கூட்டர் உதிரிபாகக் கடையில் அதற்கென்றே சின்னக் கன்வெர்ட்டர் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. அதை வாங்குங்கள்.

என் பேட்டரி பேக்கும் 144 வோல்ட்தான். என்னிடம் இருக்கும் பெட்டியின் பின்னால் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருக்கிறது. 115 பக்கம் தள்ளினால் சரியாக வருமா?

எல்லோரும் விழுகிற குழி இது. 115 பக்கம் தள்ளும்போது உள்ளே இருப்பது வோல்டேஜ் டபுளர். ஏசியின் ஒரு அரைச்சுற்றில் ஒரு கபாசிட்டரும் அடுத்த அரைச்சுற்றில் இன்னொன்றும் நிரம்பும், இரண்டும் சேர்ந்துதான் முந்நூற்றுச் சொச்சம் வோல்ட். டிசியில் அடுத்த அரைச்சுற்று என்று ஒன்று கிடையாது. ஒரு கபாசிட்டர் நிரம்பும், மற்றது காலியாகவே கிடக்கும். 230 பக்கமே விட்டால் குறைந்தது 250 வோல்ட் டிசியாவது கேட்கும். ஆக, சிவப்பு சுவிட்ச் வைத்த பெட்டி உங்களுக்கு ஆகாது.

'100-240' என்று போட்டு, சுவிட்சே இல்லாத பெட்டியைத் தேடுங்கள். அதில் ஆக்டிவ் பிஎஃப்சி இருக்கும். உள்ளே வருவது எவ்வளவானாலும் அதை 380 வோல்ட் அளவுக்கு ஏற்றிக்கொண்டு, பிறகு இறக்கும் சர்க்யூட் அது. 130 வோல்ட் டிசியிலிருந்து தாராளமாக ஓடும். ஆனால் வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள். சில சர்வர் பெட்டிகள் ஏசியின் அலை வருகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் முரண்டு பிடிக்கும்.

லேபிளில் '450 வாட்' என்று பார்த்து மயங்க வேண்டாம். 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாம் சேர்த்த கணக்கு அது. நமக்கு வேண்டியது மஞ்சள் ஒயரில் வரும் 12 வோல்ட் எத்தனை ஆம்பியர் என்பதுதான். இரண்டு ஹாலஜன் ஹெட்லைட்டுக்கே 9 ஆம்பியர். பிரேக் வேக்குவம் பம்ப், வைப்பர், ஏர்கண்டிஷனர் புளோயர் சேர்ந்தால் 30 ஆம்பியர் கூசாமல் இழுக்கும். கேபினட்டோடு இலவசமாக வரும் பெட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். காலி டப்பா மாதிரி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எரிந்துபோன வெளிநாட்டுக் காரின் பேக் கிடைத்தது, 96 செல் வரிசை. பெட்டி தாங்குமா?

முழு சார்ஜில் 96 செல்லுக்கு 400 வோல்ட் தொடும். இந்தப் பெட்டிகளின் உச்சம் 264 வோல்ட் ஏசி, அதாவது 373 வோல்ட் டிசி. உள்ளே 400 வோல்ட் கபாசிட்டர் இருந்தால் விளிம்பில் நிற்கிறீர்கள். வேண்டாம். தவிர, எரிந்த பேக்கையே முதலில் சந்தேகப்படுங்கள்.

12 வோல்ட் வருகிறது, ஆனால் ஹெட்லைட், ஹாரனுக்கான 12 வோல்ட் துணை பேட்டரி சார்ஜ் ஆக மாட்டேன் என்கிறதே?

ஆகாதுதான். லெட் ஆசிட் பேட்டரிக்கு 13.8 முதல் 14.4 வேண்டும். 12-ஐ நேராகப் போட்டால் பேட்டரியே முதலில் லோடைச் சுமந்து, ஏறக்குறைய காலியான பிறகுதான் பெட்டி உதவிக்கு வரும்.

டிஎல்494 என்ற கட்டுப்பாட்டு ஐசி போட்ட பழைய பெட்டி என்றால், வெளியே வரும் வோல்டேஜை நிர்ணயிக்கும் ஃபீட்பேக் ரெசிஸ்டரை மாற்றி ஏற்றலாம். 5 வோல்ட் பக்கத்திலிருந்து வரும் ஃபீட்பேக்கையும் விடுவிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது இழுத்துப் பிடிக்கும். மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு சில பெட்டிகளில் 13.4-லேயே பெட்டியை அணைத்துவிடும். வெளியே இருக்கும் கபாசிட்டர்கள் 16 வோல்ட், அவற்றை 25 வோல்ட்டாக மாற்றுங்கள். அப்புறம், பெட்டி அணைந்திருக்கும்போது பேட்டரி பின்பக்கமாக வடியும். அதைத் தடுக்க, கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் ஷாட்கி டயோடு ஒன்று வேண்டும். 25 ஆம்பியரில் அது 12 வாட் சூடாகும், நல்ல ஹீட் சிங்க் கொடுங்கள்.

பெட்டி கிளம்ப பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

துணை பேட்டரியே இல்லாமல் பெட்டியை மட்டும் வைத்தால்?

இரவில் பாலத்தில் ஏறும்போது மோட்டார் இழுத்து, 144 வோல்ட் 115-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். பெட்டி அணையும். ஹெட்லைட் போகும், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காண்டாக்டர் விடும், பிரேக் பம்ப்பும் நிற்கும். பேட்டரி கட்டாயம்.

சுவிட்ச், ஃப்யூஸ் எல்லாம் பெட்டியிலேயே இருக்கிறதே, தனியாக எதற்கு?

என் முதல் பெட்டியை அதன் பின்பக்கச் சுவிட்சால்தான் லோடோடு அணைத்தேன். 'கிர்ர்' என்ற சத்தம், ஊதா நிற ஒளி, பிளாஸ்டிக் கருகும் வாசனை. அணைத்த பிறகும் விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது! ஏசி நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொடும், அதனால் தீப்பொறி தானே அணையும். டிசியில் அந்த மூச்சு இடைவெளி இல்லை. உள்ளே இருக்கும் கண்ணாடி ஃப்யூஸும் அப்படித்தான், அறுந்த பிறகும் உள்ளே பொறி நின்று எரியலாம். சோலார் கடையில் 10×38 அளவில் டிசி ஃப்யூஸ் ஹோல்டரோடு கிடைக்கும், பேட்டரிப் பக்கத்திலேயே போடுங்கள். துண்டிக்க டிசி எம்சிபி. ஏசி எம்சிபியைப் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

அணைத்த பிறகும் பெரிய கபாசிட்டரில் உயிர்போகும் சார்ஜ் நிற்கும். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கைவைக்க வேண்டும்.

பெட்டிகளை வரிசையாக இணைத்து 48 வோல்ட் சார்ஜர் செய்யலாமா?

செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பெட்டியின் மைனஸும் அதன் உலோக உடலோடு ஒட்டியிருக்கிறது. வரிசையில் இணைத்தால் மேலே இருக்கும் உடல்களுக்கு வோல்டேஜ் வரும், ஒன்றோடொன்று உரசினால் ஷார்ட். கரண்டையும் அது கட்டுப்படுத்தாது, அதிகமானால் டப்பென்று அணைந்துவிடும். டெலிகாம் டவரில் கழித்த ரெக்டிஃபையர் கிடைத்தால் அதுவே மேல். 42-லிருந்து 58 வோல்ட் வரை மாற்றிக்கொள்ளலாம், கரண்ட் வரம்பும் உண்டு. 13 செல் லித்தியம் பேக்குக்கு 54.6 வோல்ட் வையுங்கள்.

மழை, குலுக்கல்?

மேஜைக்கடியில் அசையாமல் கிடக்கச் செய்த பொருள் இது. பெரிய கபாசிட்டர், காயில் எல்லாவற்றையும் நியூட்ரல் சிலிக்கான் போட்டு ஒட்டுங்கள். வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் செம்பை அரிக்கும். நான் டாஷ்போர்டுக்குக் கீழே, கேபினுக்குள் வைத்திருக்கிறேன். விசிறியைப் பழைய காட்டன் துணியால் மூடி ஒருமுறை அடி வாங்கினேன், சூட்டில் அணைந்துவிட்டது.

முதல் தடவை கரண்ட் கொடுக்கப் பயமாக இருக்கிறது அண்ணே.

நல்ல பயம்தான். பழைய குண்டு பல்பு 60 வாட் ஒன்றைப் பிளஸ் ஒயரில் வரிசையாகப் போடுங்கள், லோடு எதுவும் வேண்டாம். சரியான பெட்டி என்றால் கபாசிட்டர் நிரம்பும்வரை பல்பு பளிச்சென்று மின்னி, மங்கி அணையும். நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். அணைந்தால் பல்பை எடுத்துவிட்டு ஃப்யூஸோடு நேராகக் கொடுங்கள், பிறகு ஒரு ஹெட்லைட் பல்பை மட்டும் லோடாகப் போட்டு அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.