புறக்கோட்டை மொத்தக் கடைக்கு எந்தக் கிளவுட் தரவுத்தளம்?

கொழும்புப் புறக்கோட்டையில் கடை, வெள்ளவத்தையில் கிளை, பில்லிங் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில். இதைக் கிளவுட்டுக்கு மாற்ற அமேசான் ஆர்டிஎஸ், கூகுள் கிளவுட் எஸ்க்யூஎல், மைக்ரோசொப்டின் அஷூர் மூன்றில் எது என்பது உங்கள் கேள்வி.

முதலில் தூரத்தைப் பாருங்கள். அமேசானுக்கும் கூகுளுக்கும் மும்பையில் ரீஜன் (சேர்வர்கள் இருக்கும் இடம்) உண்டு, அஷூருக்குப் புனேயில். கடைக் கணினி நேரடியாகத் தரவுத்தளத்தோடு பேசி, ஒரு பில்லுக்கு 50 வினவல்களை (தரவு கேட்கும் கட்டளைகளை) ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது என்று வையுங்கள். போய்வர 40 மில்லிசெக்கன் என்றால் பில்லுக்கு 2 செக்கன் காத்திருப்பு. பண்டிகைக் கூட்டத்தில் இது தாங்காது. பெரிய சேர்வர் வாங்கினாலும் தீராது. பில்லிங் அப்ளிகேஷனையும் அதே ரீஜனுக்கு மாற்றினால்தான் தீரும். மைஎஸ்க்யூஎல் இணைப்பு வரும் வாசலான 3306 போர்ட்டை இணையத்துக்குத் திறக்க வேண்டிய ஆபத்தும் அப்போது போய்விடும்.

அடுத்தது பேக்கப். ஆர்டிஎஸ்ஸில் தானியங்கிப் பேக்கப் 35 நாள் வரைதான். தரவைக் குறித்த ஒரு நேரத்து நிலைக்கு மீட்டால் பழைய சேர்வர் மாறாது, புதிய முகவரியோடு புதியது உருவாகும். அப்ளிகேஷனில் முகவரியை மாற்ற மறந்தால் பழைய தரவிலேயே பில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

கிளவுட் பில் டொலரில் வரும். 2022இல் ரூபாய் சரிந்த வேகம் நினைவிருக்கும். மாதச் செலவுக்கு எச்சரிக்கை வரம்பு வையுங்கள். ஆர்டிஎஸ்ஸில் ஸ்டோரேஜை எளிதாகக் கூட்டலாம், நேரடியாகக் குறைக்க முடியாது. சிறிதாகவே தொடங்குங்கள்.

இவற்றைச் சரிசெய்துவிட்டால், உங்கள் மென்பொருள்காரருக்குப் பழக்கமான சேவையையே எடுங்கள். இந்த அளவு வியாபாரத்துக்கு மூன்றும் போதும்.