கண்ணைக் கீழே இறக்கினால் பூனை குட்டியாகிவிடும்

கேள்வி: என் மகளுக்கு 5 வயது, மகனுக்கு 8. சின்னவள் எப்போதும் கார்ட்டூன் பூனை கேட்கிறாள். நான் வரைந்தால் அது முறைத்துக்கொண்டு நிற்கிறது. அவளை வரையச் சொன்னால், “எனக்கு வராது, நீயே வரை” என்று பென்சிலை என்னிடம் நீட்டுகிறாள். பெரியவனோ வரைவதைவிட அழிப்பதுதான் அதிகம். ஓவியம் தெரியாத நான் இவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: உங்கள் பூனை முறைப்பதற்குக் கண்களை வைத்த இடம்தான் காரணம். கைப்பழக்கத்துக்கும் அதற்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை. நம்மில் பலர் முகம் வரையும்போது கண்களை மேலே ஏற்றி வைத்துவிடுகிறோம். நெற்றி குறுகிப்போகிறது, முகத்துக்கு வயது கூடிவிடுகிறது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1943-இல் இதைப் பற்றி எழுதினார். பெரிய தலை, அகன்ற நெற்றி, முகத்தில் தாழ்ந்து அமைந்த பெரிய கண்கள், உப்பிய கன்னம்: மனிதக் குழந்தைக்கும் பல விலங்குகளின் குட்டிகளுக்கும் பொதுவான இந்த அமைப்பைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சத் தோன்றுகிறது என்பது அவர் கருத்து. கார்ட்டூன் வரைபவர்கள் பயன்படுத்துவதும் இதைத்தான்.

இது உங்களுக்கு நல்ல செய்தி. கோடு நடுங்கினாலும் பரவாயில்லை, இடம் சரியாக இருந்தால் பூனை அழகாகிவிடும். 5 வயதுக் கையால் நேர்த்தியான கோடு போட முடியாது. ஆனால் “இன்னும் கீழே வை” என்றால் அது புரியும், செய்யவும் வரும்.

வரையத் தொடங்கும் முன் பிள்ளைகளோடு ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே அளவில் மூன்று வட்டங்கள். முதல் வட்டத்தில் இரண்டு கண்களையும் உச்சிக்குப் பக்கத்தில் வையுங்கள், இரண்டாவதில் சரியாக நடுவில், மூன்றாவதில் நடுவுக்குக் கீழே நன்றாகத் தள்ளி. “இதில் யார் பாப்பா?” என்று கேளுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் காட்டுவார்கள். அப்புறம் கண்களுக்கு இடையே உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைத்தும் பாருங்கள். விலகியிருந்தால் சாது, நெருங்கினால் கடுகடுப்பு. இந்த விளையாட்டுக்கே ஒரு மாலைப்பொழுது போனாலும் நல்லதுதான். அன்றைக்குப் பூனையே வரையாவிட்டாலும் பிள்ளைகள் முக்கியமானதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

சரி, இனி பூனைக்கு வருவோம். தலைக்கு வட்டத்தைக் கொஞ்சம் மேலிருந்து அமுக்கியது போல, உயரத்தைவிட அகலம் கூடுதலாகப் போடுங்கள். கன்னம் தானாக உப்பிவிடும். கண்களைக் கீழ்ப்பாதியில், நடுவே இரண்டு கண் அளவு இடம் விட்டு வையுங்கள். மூக்கு மிகச் சிறியதாக, கண்களுக்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும். அதன் அடியில் இரண்டு குட்டி வளைவுகள், அதுதான் வாய். மூக்கையும் வாயையும் கீழே இழுத்துக்கொண்டு போகாதீர்கள், முகம் நீண்டு நாய்ச்சாயல் வந்துவிடும்.

கண்ணுக்குள் நெட்டுக்குத்தான கோடு போட்டால் பூனை சீறுவது போலத் தெரியும். நிஜப் பூனைக்கும் வெளிச்சம் அதிகமாக இருக்கும்போதுதான் கண்மணி அப்படிச் சுருங்கும், மங்கலில் வட்டமாக விரியும். அதனால் பெரிய கறுப்பு வட்டமே போதும். உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளியை விட்டுவிடுங்கள், இரண்டு கண்ணிலும் ஒரே பக்கமாக. அந்தப் புள்ளி இருந்தால்தான் கண்ணுக்கு உயிர் வரும். கறுப்பு அடித்த பிறகு வெள்ளையை மீட்பது கடினம் என்பதால், புள்ளியை முதலில் வட்டமிட்டுக்கொண்டு சுற்றிலும் நிரப்பச் சொல்லுங்கள்.

காதுதான் சின்னவளுக்குச் சிரமமாக இருக்கும். வட்டம் 3 வயதுவாக்கிலேயே வந்துவிடும். முக்கோணத்துக்குச் சாய்கோடு வேண்டும், அது பெரும்பாலும் 5 வயதையொட்டித்தான் கைக்கு வரும். ஆகவே ஒரு காதுக்கு மூன்று புள்ளிகளை அவளே வைக்கட்டும்: இரண்டு தலையின் மேல், ஒன்று வெளியே. பிறகு அவற்றை இணைக்கச் சொல்லுங்கள். காதுகள் ஒன்றுக்கொன்று தள்ளி, அடி அகன்று, குட்டையாக இருக்கட்டும். நீண்டால் முயலாகிவிடும்.

மீசை பக்கத்துக்கு மூன்று கோடு, கன்னத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சட்டென்று இழுக்க வேண்டும். உடல் தலையைவிடச் சிறிதாக இருக்கலாம். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த பூனையே எளிது. வால் ஒரு கேள்விக்குறி.

இப்போது “நீயே வரை” என்பதற்கு வருவோம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். அவள் தாளில் நீங்கள் ஒரு கோடுகூடப் போடாதீர்கள். நீங்கள் திருத்தினால், தன் கோடு போதாது என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். உங்களுக்கு ஒரு தாள், அவளுக்கு ஒரு தாள் என்று பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் ஒரு வட்டம் போட்டுவிட்டுக் காத்திருங்கள். அவள் போட்ட பிறகு அடுத்தது. பென்சிலுக்குப் பதில் தடிமனான க்ரேயானைக் கொடுங்கள், அழிக்கும் பேச்சே வராது. கோணலான கோடு ரோமக் கற்றையாகட்டும், தவறிய புள்ளி மச்சமாகட்டும். தலையிலிருந்தே நேராகக் கால் முளைத்திருந்தாலும் விட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் வரைவார்கள், வளர வளர உடல் தானாக வந்து சேரும்.

பெரியவன் விஷயம் வேறு. தன் படத்தை நிஜத்தோடு ஒப்பிடும் வயது நெருங்கும்போது அழிப்பது கூடும். அவனிடம் ரப்பரைப் பிடுங்குவதைவிட, ஒரே பூனையைப் பல மனநிலையில் வரையும் வேலையைக் கொடுங்கள். பயந்தால் பூனையின் காது பக்கவாட்டில் படியும், நிம்மதியில் கண் பாதி மூடும், தெரிந்தவரைப் பார்த்தால் வால் நேராக எழும். தலையையும் உடலையும் நீங்கள் சில தாள்களில் லேசாக வரைந்து கொடுத்தால், காது, கண், வாலை மட்டும் அவன் மாற்றிக்கொண்டே போகலாம். “இது யாரைப் பார்த்துப் பயந்தது?” என்று கேளுங்கள். பதில் சொல்ல அவன் இன்னொரு படம் வரைய வேண்டியிருக்கும்.