பெரிய ஃபைல் டவுன்லோடு பாதியில் நின்றுவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான் இறக்க வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் அந்தப் பாதி ஃபைலைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் குரோம் என்றால் 'சிஆர்டவுன்லோடு' என்று முடிகிற பெயரில், ஃபயர்ஃபாக்ஸ் என்றால் 'பார்ட்' என்று முடிகிற பெயரில் ஒன்று கிடக்கும், இதுவரை வந்ததெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. குப்பை என்று நினைத்து அதை டெலீட் செய்துவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. குரோமில் கன்ட்ரோல் ஜே அழுத்தி, வரும் பட்டியலில் ரெஸ்யூம் கொடுங்கள். அந்த வெப்சைட்டுக்குப் போய் மறுபடி டவுன்லோடு பட்டனை அழுத்தினால் பெயருக்குப் பின்னால் 1 போட்டு இன்னொரு காப்பி முதலிலிருந்து இறங்க ஆரம்பிக்கும், டேட்டா வீண்.

ரெஸ்யூம் ஆவது சர்வர் கையிலும் இருக்கிறது. பிரவுசர் 'இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு' என்று கேட்கும், ரேஞ்ச் வசதி உள்ள சர்வர் 206 என்று பதில் சொல்லி மீதியை மட்டும் அனுப்பும், இல்லாத சர்வர் 200 என்று சொல்லி முழு ஃபைலையும் திரும்ப அனுப்பும். நடுவில் சர்வரில் ஃபைலே மாறியிருந்தாலும் முதலிலிருந்துதான் வரும், அது நல்லதுக்குத்தான், பழையதில் பாதி புதியதில் பாதி சேர்ந்த ஐஎஸ்ஓவை (ஒரு முழு டிஸ்க்கை அப்படியே ஒரே ஃபைலாக்கியது) வைத்து என்ன செய்வது? டவுன்லோடு ஆரம்பிக்கும்போதே மொத்தம் எத்தனை எம்பி என்று காட்டாமல் வந்தது மட்டும் ஏறிக்கொண்டே போனால், அது நின்றால் தொடராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

லாகின் செய்து இறக்கும் தளம் என்றால், அதே பிரவுசரில் வேறு டேபில் மறுபடி லாகின் செய்துவிட்டு ரெஸ்யூம் கொடுத்துப் பாருங்கள், பல இடங்களில் இது போதும். லிங்க்குக்கே காலாவதி நேரம் வைத்திருந்தால் மட்டும் இது உதவாது.

லாகின் தேவையில்லாத நேரடி லிங்க், அதுவும் 5, 6 ஜிபி இருக்கும் உபுண்டு (லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்) ஐஎஸ்ஓ மாதிரி ஒன்று என்றால் நான் பிரவுசரையே நம்புவதில்லை. விண்டோஸ் 10இல் 2018 முதல் 'கர்ல்' (curl) என்ற, லிங்க்கிலிருந்து ஃபைல் இறக்கும் கமாண்ட் கூடவே வருகிறது. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து (பழைய பவர்ஷெல் வேண்டாம், அதில் கர்ல் என்று அடித்தால் வேறொன்று ஓடும்) கர்ல், மைனஸ் எல், மைனஸ் ஓ, மைனஸ் சி, பிறகு இடம்விட்டுத் தனியாக ஒரு மைனஸ், கடைசியில் லிங்க். மூன்று எழுத்தும் கேப்பிட்டல். கரண்ட் போய் நெட் அறுந்தாலும், அதே ஃபோல்டரிலிருந்து அதே கமாண்டைத் திரும்ப ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும்.

இப்படி ஒட்டுப்போட்டு இறக்கிய ஃபைலை அப்படியே இன்ஸ்டால் செய்யாதீர்கள். விண்டோஸில் இருக்கும் 'சர்ட்யூட்டில்' (certutil) என்ற கமாண்டில் ஹாஷ்ஃபைல் ஆப்ஷன் கொடுத்து, ஃபைலுக்குக் கைரேகை மாதிரியான எஸ்எச்ஏ256 எண்ணை எடுத்து, தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து வேறாக இருந்தாலும் திரும்ப இறக்க வேண்டியதுதான்.